திருப்பிச் சொல்றேன், கேளுங்க

பிள்ளையார் சுழி போட்டு, முருகனைக் கும்பிட்டுக்கொண்டு தொடங்குகிறேன்.

இதை எழுதலாமா வேண்டாமா என்று இரண்டு வருடம் தள்ளிப் போட்டேன். நேரம் இல்லை என்று வீட்டில் சொல்லிக்கொண்டிருந்தேன். அது பொய். தைரியம் இல்லை. மூன்று தடவை புது நோட்டு வாங்கினேன். ஒன்றில் என் சின்ன மகள் படம் வரைந்தாள். இன்னொன்றில் என் மனைவி பாசாருக்குக் காய்கறி வாங்கப் போகும்போது சாமான் எழுதினாள். மூன்றாவதில் பிள்ளையார் சுழியோடு நின்றுவிட்டேன். ஒருவரைப் பற்றி நல்லதாக எழுதுவது சுலபம். இவரைப் பற்றி எழுத வேண்டுமென்றால் என்னைப் பற்றியும் எழுத வேண்டும். அங்கேதான் கை நின்றது.

நான் எழுதுகிற ஆள் இல்லை. தமிழ்ப்பள்ளியில் ஆறு வருடம், இடைநிலைப் பள்ளியில் மூன்றாம் படிவம், அவ்வளவுதான் படிப்பு. சிம்பாங் அம்பாட்டில் குடியிருக்கிறேன். சொந்தமாக ஒரு வேன் உண்டு. தீவுப் பக்கம் ஜார்ஜ்டவுனில் சாமான் ஏற்றி, கடல் பாலம் தாண்டி, பெருநிலத்துப் பக்கம் கொண்டு சேர்ப்பது என் தொழில். அந்தத் தொழிலில்தான் படப்பெட்டி எடுக்க ஒரு சின்னப் பட விநியோக ஆபீசுக்குப் பத்து வருடம் போய் வந்தேன். தமிழ்ப் படங்களை வாங்கி வடக்கு மாநிலத் தியேட்டர்களுக்குக் கொடுக்கிற ஆபீஸ். சூலியா தெருவிலிருந்து பிரியும் ஒரு சந்தில், காசு மாற்றும் கடைக்கு மேலே மாடியில் இருந்தது. மரப்படி. ஏழாவது படியில் கால் வைக்கக்கூடாது, ஆடும். மேலே போனால் நடுவில் ஒரு பலகைத் தடுப்பு. அந்தப் பக்கம் பாஸ். இந்தப் பக்கம் ஒரு மேசை, ஒரு போன், ஒரு கம்ப்யூட்டர், அக்கா.

எல்லோரும் அவரை அக்கா என்றுதான் கூப்பிட்டோம். பாஸ் அவரைவிட மூத்தவர். அவரும் அக்கா என்றுதான் கூப்பிடுவார். பேர் எனக்குத் தெரியும், எழுதவில்லை. ஒரு தடவை பில்லில் அவர் பேரைத் தப்பாக எழுதிவிட்டு மன்னிப்புக் கேட்டேன். "பேரு கெடக்கு தம்பி, சேதி சரியா இருந்தா போதும்" என்றார். அதனால் இதிலும் சேதி மட்டும்.

தமிழ் முஸ்லிம் குடும்பம். வயது ஐம்பதுக்கு மேல். தலையில் வெளிர் நிறத் தூடோங் முக்காடு, கழுத்தில் கயிறு கட்டிய கண்ணாடி. மேசையில் சட்டைப்பையில் போடுகிற அளவுக்கு ஒரு சின்ன நோட்டு எப்போதும் திறந்திருக்கும். யார் போன் செய்தாலும், யார் படியேறி வந்து பாஸுக்கு என்ன சொன்னாலும், சொன்ன வார்த்தையை அப்படியே எழுதுவார். எழுதி முடித்ததும் தலையை நிமிர்த்தி, "திருப்பிச் சொல்றேன், கேளுங்க" என்பார். நாம் சொன்னதை நம்மிடமே வாசிப்பார். கோபமாகச் சொன்னதும் சரி, குழைந்து சொன்னதும் சரி, ரேடியோவில் வானிலை வாசிக்கிற குரலில் வரும். அதைக் கேட்கும்போதுதான் நாம் என்ன பேசினோம் என்று நமக்கே தெரியும்.

ஒரு நாள் நான் படியேறும்போது ஒரு தியேட்டர்க்காரர் போனில் கத்திக்கொண்டிருந்தார். ஆறாவது படியில் நின்ற எனக்கே கேட்டது. அக்கா நிதானமாக எழுதினார்.

"முடிஞ்சிச்சா அண்ணே? திருப்பிச் சொல்றேன், கேளுங்க. 'போஸ்டரும் வரல, ட்ரெய்லரும் வரல, உங்க பாஸ் எரும மாடு மாதிரி தூங்குறான்.' எரும மாடுதானே சொன்னீங்க? இல்ல வெறும் எருமையா?"

அக்கா பேனாவோடு காத்திருந்தார்.

"அண்ணே, லைன்ல இருக்கீங்களா?"

"அக்கா... அத விடுங்கலா. போஸ்டர் வரலன்னு மட்டும் சொல்லுங்க."

"எரும மாட்ட அழிச்சிடவா?"

"அழிச்சிடுங்க."

"சரி. அழிக்கச் சொன்னா அழிப்பேன். மாத்தச் சொன்னாத்தான் மாத்த மாட்டேன்." பேனாவால் ஒரு கோடு இழுத்தார்.

தடுப்புக்கு அந்தப் பக்கத்திலிருந்து பாஸ் குரல் கொடுத்தார். "என்னக்கா, எரும மாடு போயிருச்சா?"

"போயிருச்சு பாஸ். போஸ்டர் மட்டும் நிக்கிது."

படத் தொழிலில் இப்படி ஒருவரை வைத்துக்கொள்வது லேசான காரியம் இல்லை. பத்துப் பேர் உட்கார்ந்திருந்தால் ஹவுஸ்ஃபுல் என்று சொல்கிற தொழில் அது. ஒரு தடவை யாரோ பாஸைத் தேடிப் போன் செய்தார்கள். பாஸ் உள்ளேயிருந்து, "நான் கோலாலம்பூர் போயிட்டேன்னு சொல்லுங்க" என்றார். அக்கா போனில் சொன்னார்: "பாஸ் கோலாலம்பூர் போயிட்டதா சொல்லச் சொல்றாரு." கொஞ்சம் கேட்டுவிட்டு, "இல்லைங்க, பின்னாலதான் உக்காந்திருக்காரு" என்றார்.

பாஸ் வெளியே வந்துவிட்டார். "அக்கா, உங்கள வெச்சுக்கிட்டு நான் எப்படிக்கா படத் தொழில் பண்றது?"

"வேற ஆளு வெச்சுக்கங்க பாஸ். நான் கோவிச்சுக்க மாட்டேன்."

"வேற ஆளு சொன்னா மெட்ராஸ்காரன் நம்ப மாட்டானே! அதுதானே என் தலவிதி."

அது உண்மை. சென்னையிலிருந்து தயாரிப்பாளர்கள் கூப்பிட்டால், பாஸிடம் பேசி முடித்துவிட்டு, "அக்காகிட்ட குடுங்க" என்பார்கள். படம் பார்க்க வந்த கூட்டத்தை அக்கா சொல்வார்: "முப்பத்தேழு பேரு. அதுல ரெண்டு கைக்குழந்தை." அதோடு பேச்சு முடியும். பாஸ் என்னைப் பார்த்துக் கண்ணடிப்பார். "தம்பி, இந்த ஆபீசுல பொய் சொல்ல நான் ஒருத்தன் போதும்லா. அக்கா வேணாம்."

பத்து வருடத்தில் ஒரு படத்தைக்கூட அக்கா நல்லது என்றோ கெட்டது என்றோ சொல்லி நான் கேட்டதில்லை. "படம் எப்படிக்கா?" என்று கேட்டால், "நான் பாக்கல தம்பி. பாத்தவங்க மூணு பேரு சொன்னது இருக்கு, சொல்லவா?" என்று நோட்டைப் புரட்டுவார். "ஒருத்தர் 'அருமை' அப்படின்னாரு. ஒருத்தர் 'தல வலி' அப்படின்னாரு. மூணாவது ஆளு தூங்கிட்டதா அவரு சம்சாரம் சொன்னாங்க." இப்படிச் சொல்லும்போது முகத்தில் ஒரு சிரிப்பு இருக்காது. நாங்கள்தான் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்போம்.

சிரிக்க முடியாத நாளும் உண்டு. கெடா மாநிலத் தியேட்டர்களுக்கும் என்னையே அனுப்பச் சொல்லி அக்கா மூலமாக பாஸிடம் கேட்டிருந்தேன். பதில் கேட்கப் போனேன். அக்கா நோட்டைப் பார்த்து வாசித்தார். "'வேன் ஓட்டுறவன் ஊருக்கு நூறு பேரு இருக்கான், இவனுக்கே எல்லாத்தயும் குடுக்கணும்னு என்ன இருக்கு.'" எனக்குச் சுரீர் என்றது. மேற்கொண்டு நிற்காமல் திரும்பி இறங்கினேன். கோபத்தில் ஏழாவது படியிலேயே கால் வைத்துவிட்டேன். மேலேயிருந்து அக்கா குரல்: "தம்பி, இன்னும் முடியல. முழுசா கேட்டுட்டுப் போங்க." நின்றேன். வாசித்தார். "'ஆனா பெட்டியப் புள்ள மாதிரி மடியில வெச்சுக் கொண்டு போறவன் இவன் ஒருத்தன்தான். ரெண்டு வாரம் கழிச்சு வரச் சொல்லுங்க.'" பிறகு நோட்டை மூடிவிட்டு, தன் வார்த்தையாக ஒன்று சொன்னார். "பாதி கேட்டுட்டுப் போனா அது வேற சேதி தம்பி."

இரண்டு வாரம் கழித்து கெடாவும் எனக்கே வந்தது.

ஏன் இவ்வளவு கறாராக இருக்கிறீர்கள் என்று ஒரு நாள் கேட்டேன். பால் இல்லாத தே ஓ குடித்துக்கொண்டிருந்தோம். அக்கா என் கையிலிருந்த கறுப்புப் படப்பெட்டியைக் காட்டினார். "இதத் தொறந்து உள்ள உள்ளத மாத்தி வெச்சுக் குடுப்பீங்களா?" "ஐயோ, இல்லக்கா." "அதே மாதிரிதான். ஒருத்தர் ஒரு சொல்ல நம்ம கையில குடுத்தா அது அமானிதம். குடுத்தபடி சேர்க்கணும். நீங்களும் நானும் ஒரே வேலைதான் பாக்குறோம்." அமானிதம் என்றால், நம்பி ஒப்படைத்த பொருள் என்று விளக்கினார். மூன்றாம் படிவம் படித்த என்னைத் தன்னோடு சேர்த்துச் சொன்னாரே என்று அன்றைக்குப் பாலத்தில் போகும்போதெல்லாம் நினைத்துக்கொண்டே போனேன்.

இனி அந்தப் பெட்டி விஷயத்துக்கு வருகிறேன்.

முன்பு படச்சுருள் பெரிய தகரப் பெட்டியில் வருமாம். என் காலத்தில் படம் ஹார்ட் டிஸ்க்கில் வந்தது. சாப்பாட்டு டப்பா அளவுக்குத்தான் இருக்கும். கறுப்பு பிளாஸ்டிக் பெட்டிக்குள் பஞ்சு வைத்து, அதன் நடுவில் பதித்து வரும். ஆனாலும் எல்லோரும் "பெட்டி வந்திருச்சா?" என்றுதான் கேட்பார்கள். தியேட்டரில் மெஷின் ஓட்டுகிற ஆபரேட்டர் அந்த டிஸ்க்கை மெஷினில் செருகி ஏற்றிக்கொள்வார்.

எங்கள் வீட்டில் புதுச் சட்டைக்கு மஞ்சள் வைப்போம். வேன் வாங்கினால் எலுமிச்சம்பழம் ஏற்றுவோம். அதேபோல, படப்பெட்டி என் கைக்கு வந்தால் நாங்கள் குடியிருக்கும் தாமானில் இருக்கும் அம்மன் கோயிலில் ஒரு நிமிடம் நிறுத்துவேன். பூசாரி பெட்டியை அம்மன் காலடியில் வைத்து, மேல்மூடியில் திருநீறு பூசி, ஒரு பொட்டு வைத்துத் தருவார். ஆபீசில் யாரிடமும் சொன்னதில்லை. ஆறு வருடம் இப்படியே நடந்தது. ஒரு குறையும் வந்ததில்லை.

அந்த வருடம் தீபாவளிக்குப் பெரிய படம். பாஸுக்கு தீபாவளி முடிந்த வாரம் நெஞ்சில் ஆபரேஷன் வைத்திருந்தார்கள். படம் ஓடினால்தான் மனிதர் தெம்போடு போய்ப் படுப்பார் என்று ஆபீசில் பேச்சு. நிபோங் திபால் போகிற வழியில் இருந்த ஒரு சின்னத் தியேட்டருக்கான பெட்டி தாமதமாகி, தீபாவளி அன்று காலையில்தான் என் கைக்கு வந்தது. பன்னிரண்டு மணிக்கு முதல் காட்சி. எண்ணெய் தேய்த்துக் குளித்து, புது வேட்டியோடு கோயிலில் நின்றேன். மூடியில் பொட்டு வைத்தால் போதுமா, படம் உள்ளே அல்லவா இருக்கிறது என்று எனக்குத் தோன்றிவிட்டது. பெட்டியைத் திறந்து டிஸ்க்கையே எடுத்து நீட்டினேன். பூசாரியும் நல்ல மனதோடுதான் செய்தார். தீர்த்தம் தெளித்தார். அரைத்த சந்தனத்தை நடுவில் அப்பி, குங்குமம் வைத்தார். பாஸ் ஆபரேஷன் நல்லபடி முடிய வேண்டும் என்று கண் மூடி வேண்டிக்கொண்டேன். கண் திறந்தபோது சந்தனம் வழிந்து, டிஸ்க்கின் பின்னால் செருகுகிற வாய்க்குள் இறங்கியிருந்தது. வேட்டி நுனியால் துடைத்தேன். சுத்தமாகிவிட்டது என்று நினைத்தேன்.

தியேட்டர் வாசலில் திருவிழாக் கூட்டம். உறுமி அடிக்கிறார்கள், பிள்ளைகள் புதுச் சட்டையில் ஓடுகிறார்கள். ஆபரேட்டர் தம்பி வேலைக்கு வந்து ஐந்து மாதம்தான் ஆகியிருந்தது. அதற்கு முன்பு பாமாயில் எடுக்கிற செம்பனைத் தோட்டத்தில் குலை வெட்டியவர். கல்யாணம் ஆன புதிது. டிஸ்க்கைச் செருகினார். மெஷின் எடுக்கவில்லை. கழற்றித் திரும்பச் செருகினார். எடுக்கவில்லை.

"அண்ணே, வழியில எங்கயாச்சும் கீழ விழுந்துச்சா?"

"இல்லையே" என்றேன். அந்த ஒரு வார்த்தை உண்மைதான். பாதி உண்மை.

மேனேஜர் ஓடி வந்தார். நான் பேசாமல் வேனை எடுத்துக்கொண்டு திரும்ப ஜார்ஜ்டவுனுக்குப் பறந்தேன். அங்கே ஒரு தியேட்டரில் ஏற்றி முடித்த டிஸ்க்கை வாங்கி வந்து கொடுத்தேன். காட்சி மூன்றரைக்குத்தான் ஆரம்பித்தது. அதற்குள் பாதிக் கூட்டம் திட்டிக்கொண்டே வீட்டுக்குப் போய்விட்டது. எல்லோரும் என் முதுகில் தட்டினார்கள். பாஸ் போனில், "நீ இல்லன்னா இன்னிக்கு மானம் போயிருக்கும்லா" என்றார். டிஸ்க்கைத் தப்பாகச் செருகிக் கெடுத்துவிட்டான் என்று சொல்லி, ஆபரேட்டர் தம்பியை மேனேஜர் நாளையிலிருந்து வர வேண்டாம் என்றுவிட்டார். அந்தத் தம்பி தீபாவளிச் சட்டையோடு மோட்டார் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போனதைப் பார்த்தேன். பார்த்துக்கொண்டு நின்றேன்.

மூன்றாம் நாள் கெட்டுப்போன டிஸ்க்கைத் திருப்பிக் கொடுக்க ஆபீசுக்குப் போனேன். அக்கா அதைக் கையில் வாங்கினார். மூக்கருகே கொண்டுபோனார். என்னைப் பார்த்தார்.

"தம்பி, இது சந்தனமா?"

நான் நாற்காலியில் உட்கார்ந்து அழுதுவிட்டேன். கோயில், தீர்த்தம், பாஸுக்கு வேண்டிக்கொண்டது எல்லாவற்றையும் கொட்டினேன். கொட்டி முடித்துவிட்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டு, இதையும் சொன்னேன்: "அக்கா, பாஸ்கிட்ட பிளேன்ல வரும்போதே தண்ணி பட்டிருச்சுன்னு சொல்லிடுங்கக்கா."

அக்கா நோட்டை எடுத்தார். எழுதினார்.

"திருப்பிச் சொல்றேன், கேளுங்க. 'பிளேன்ல வரும்போதே தண்ணி பட்டிருச்சுன்னு சொல்லிடுங்க.' இதான் நீங்க குடுத்தது. இத அப்படியே உள்ள போய்ச் சொல்றேன். நீங்க சொல்லச் சொன்னீங்கன்னுதான் சொல்வேன்."

அந்தக் குரலில் என் பொய்யைக் கேட்டபோது எனக்கு உடம்பே கூசியது. "அழிச்சிடுங்கக்கா."

கோடு இழுத்தார். "இப்ப என்ன சொல்லணும்? ஒண்ணும் சொல்ல வேணாம்னா, நானாப் போய்ச் சொல்ல மாட்டேன். ஆனா பாஸ் கேட்டா எனக்குத் தெரிஞ்சதச் சொல்வேன்."

நான் நடந்ததைச் சொன்னேன். இந்தத் தடவை அழாமல், ஒவ்வொன்றாக. எழுதினார். திருப்பி வாசித்தார். "பாஸ் ஆபரேஷனுக்காக வேண்டிக்கொண்டேன்" என்ற இடம் வந்ததும் எனக்கு வெட்கமாகிவிட்டது. "அக்கா, அது வேணாம். தப்ப மறைக்க சாமியக் காட்டுற மாதிரி இருக்கு."

"உண்மையில்லையா?"

"உண்மைதான்."

"அப்ப எதுக்கு அழிக்கணும்? உங்க தப்பும் இருக்கட்டும், உங்க மனசும் இருக்கட்டும். பாதி சொன்னா அது வேற சேதி."

சரியென்றேன். அக்கா எழுந்து தடுப்புக்கு அந்தப் பக்கம் போனார். அதே வானிலைக் குரலில் வாசிப்பது கேட்டது. தம் இஷ்டத்துக்கு ஒரு நல்ல வார்த்தை கூட்டவில்லை, ஒரு கெட்ட வார்த்தை குறைக்கவில்லை. ஒரு முஸ்லிம் பெண், "அம்மன் காலடி" என்றும் "திருநீறு" என்றும், நான் சொன்ன மரியாதையோடு அப்படியே சொன்னார். பிறகு பாஸ் ஏதோ முணுமுணுத்தார். அக்கா நோட்டோடு வெளியே வந்து என் எதிரே நின்றார்.

"பாஸ் சொன்னது. 'முட்டாப் பய. சாமிக்குப் படம் பாக்கணும்னா டிக்கெட் வாங்கிட்டு வரட்டும், டிஸ்க்குல ஏன் ஏத்துறான். இனிமே பொட்டு மூடிக்கு மேல மட்டும்தான். அந்தத் தியேட்டருக்குப் போன் போட்டு ஆபரேட்டர் மேல தப்பு இல்லன்னு சொல்லுங்க, அந்தப் பையன வேலைக்குக் கூப்பிடலன்னா பொங்கல் படம் கெடையாதுன்னும் சொல்லுங்க.' அப்புறம் கொஞ்ச நேரம் பேசல. அப்புறம், 'ஆபரேஷன் அன்னிக்குக் காலையில அந்தக் கோயிலுக்குத் திரும்பப் போகச் சொல்லுங்க.' அவ்வளவுதான். முடிஞ்சிச்சு."

மேனேஜருக்கு அக்கா என் எதிரிலேயே போன் போட்டார். தப்பு ஆபரேட்டர் மேல் இல்லை, ஆபீஸ் பக்கத்தில்தான் என்று சொன்னார். யார், என்ன என்று மேனேஜர் கேட்கவில்லை. பொங்கல் படம் என்றதுமே சரி என்றுவிட்டார். போனை வைத்துவிட்டு அக்கா சொன்னார்: "ஆபரேட்டர் தம்பிக்கு நான் சொல்ல முடியாது. அது உங்க சேதி. நேருல போய், நடந்தது நடந்தபடி சொல்லுங்க."

அன்று மாலையே போனேன். அவர் வீட்டு வாசலில் நின்றேன். அவர் மனைவி தண்ணீர் கொண்டு வந்து கொடுத்தார். எனக்கு நாக்கு எழவில்லை. "தம்பி, நாளையிலேருந்து வேலைக்குப் போங்க. டிஸ்க்கு வரும்போதே கோளாறுன்னு அக்கா பேசி எல்லாத்தயும் சரி பண்ணிட்டாங்க" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

மறு வாரம் அக்கா கேட்டார். "சொல்லிட்டீங்களா?"

"சொல்லிட்டேன்க்கா."

"நடந்தபடியா?"

தலையை ஆட்டினேன். அக்கா என்னை அதற்கு மேல் கேட்கவில்லை. நம்பினார்.

பத்து வருடத்தில் எத்தனையோ பெட்டி கொண்டு சேர்த்தேன். அந்த ஒரு சேதியை மட்டும் உள்ளே மாற்றி வைத்துக் கொடுத்துவிட்டேன்.

பாஸுக்கு ஆபரேஷன் நல்லபடி முடிந்தது. அதற்குப் பிறகும் மூடிக்கு மேலே மட்டும் பொட்டு வைத்துக்கொண்டு சில வருடம் ஓடினேன். கொரோனா காலத்தில் தியேட்டர்கள் மூடிக் கிடந்தபோது ஆபீசையும் மூடிவிட்டார்கள். அக்கா தங்கை வீட்டோடு போய்விட்டார். இரண்டு வருடத்துக்கு முன் மௌத்தாகிவிட்டார் என்று சேதி வந்தது. அடக்கம் முடிந்த பிறகுதான் எனக்குத் தெரிந்தது. சில வாரம் கழித்து, தியேட்டர்க்காரர்களும் பழைய ஆட்களும் சேர்ந்து ஒரு சின்ன ஹாலில் நினைவுக் கூட்டம் வைத்தார்கள். பாஸும் கைத்தடியோடு வந்து முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார்.

அந்த ஆபரேட்டர் தம்பி பேச எழுந்தார். இப்போது அதே தியேட்டருக்கு அவர்தான் மேனேஜர். மைக்கைப் பிடித்துக்கொண்டு அழுதார். "அக்கா வாழ்நாள்ல பொய்யே சொன்னதில்ல. ஒரே ஒரு தடவ சொன்னாங்க. டிஸ்க்கத் தப்பாச் செருகிக் கெடுத்தது நான்தான், ஆனா டிஸ்க்கு வரும்போதே கோளாறுன்னு எனக்காகப் பொய் சொன்னாங்க. என் புள்ளைங்க சாப்புடுற சோறு அந்த ஒரு பொய்யில வந்தது."

எல்லோரும் கை தட்டினார்கள். சிலர் கண்ணைத் துடைத்தார்கள். பாஸ் மட்டும் மெதுவாகத் திரும்பி, பின்வரிசையில் இருந்த என்னைப் பார்த்தார். எழுந்து நின்று, அது அக்கா பொய் இல்லை, என் பொய் என்று நான் சொல்லியிருக்க வேண்டும். நாற்காலி என்னை விடவில்லை. அந்தக் கதை அங்கேயிருந்து கிளம்பிவிட்டது. அக்கா ஒரே ஒரு நல்ல பொய் சொன்னவர் என்று தைப்பிங்கில் ஒருவர் என்னிடமே சொன்னார். சுங்கைப் பட்டாணியில் கேட்டபோது, அக்கா டிஸ்க்கை ஒளித்தே வைத்துவிட்டதாக வளர்ந்திருந்தது. பாராட்டாகத்தான் சொல்கிறார்கள். ஆனால் எதை மட்டும் அந்த மனுஷி செய்யவே மாட்டாரோ, அதைச் செய்ததாகச் சொல்லிப் பாராட்டுகிறார்கள். கோயிலில் நின்றால் எனக்கு வேண்டுதல் வரவில்லை. "நடந்தபடியா?" என்கிற குரல்தான் வந்தது.

போன வெள்ளிக்கிழமை, விரதத்தோடு அந்தத் தியேட்டருக்குப் போனேன். மேனேஜர் தம்பி, "வாங்கண்ணே, பசியாறிட்டீங்களா?" என்று நாற்காலி போட்டார். உட்காரவில்லை. நின்றபடியே, நடந்ததை நடந்தபடி சொன்னேன். சந்தனம், வேட்டி நுனி, "இல்லையே" என்ற சொல், அவர் மோட்டார் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போனது, அக்கா இழுத்த கோடு, அவர் வீட்டு வாசலில் நான் மாற்றிச் சொன்னது, எல்லாம்.

அவர் முதலில் கேட்டது இதுதான்.

"அப்ப அக்கா பொய்யே சொல்லலியா?"

"சொல்லல தம்பி. ஒரு தடவகூடச் சொல்லல."

"அண்ணே, எட்டு வருசமா ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் வெளக்கேத்தி வேண்டிக்கிறேண்ணே. 'எனக்காகச் சொன்ன அந்த ஒரு பொய்ய அக்காவுக்கு மன்னிச்சிரு'ன்னு."

அப்போதுதான் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தேன். அவர் கண்ணைத் துடைத்தார். பிறகு அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது.

"அப்ப எட்டு வருசமா நான் கும்பிட்டதெல்லாம் உங்களுக்குப் போயிருக்குலா. பரவால்ல, ஒரு வார்த்த சொல்லியிருந்தா பேரையாச்சும் சரியாச் சொல்லிக் கும்பிட்டிருப்பேன்."

"மன்னிச்சிரு தம்பி."

"அது ஆச்சுண்ணே. அக்காவுக்கு என்ன பண்ணப் போறீங்க? நான் மைக்குல சொல்லி ஊரெல்லாம் போயிருச்சே. நான் எத்தன பேருகிட்டப் போய்த் திருத்துவேன்? நீங்க எழுதுங்க. என் தப்பையும் சேர்த்து எழுதுங்க. விசாரிக்காம மைக்கப் புடிச்சது நான்தானே."

அதனால் எழுதினேன். எழுதி முடித்ததும் என் மனைவியை எதிரே உட்கார வைத்து, முழுவதையும் சத்தமாக வாசித்துக் காட்டினேன். அவளுக்கும் இன்றைக்குத்தான் தெரியும். கேட்டுவிட்டு எழுந்து போய் விளக்கேற்றினாள்.

படிக்கிறவர்களை ஒன்று கேட்டுக்கொள்கிறேன். அக்காவின் கதையை எங்கேயாவது வேறு மாதிரி கேட்டால், இதைச் சொல்லுங்கள். அவரைப் பெரிய மகான் ஆக்க வேண்டாம். அவர் சம்மதிக்க மாட்டார். என்மேல் இரக்கப்பட்டு சந்தனத்தை விட்டுவிடவும் வேண்டாம், பாதி சொன்னால் அது வேறு சேதி. கூட்டாமல் குறைக்காமல் சொல்லுங்கள். சொல்லி முடித்ததும், கேட்டவர்களை ஒரு தடவை திருப்பிச் சொல்லச் சொல்லுங்கள். சரியாக இருந்தால் மட்டும் அடுத்த ஆளிடம் அனுப்புங்கள்.